கோட்டுப் பொத்தான்

ஆய்வகத்தின் சிறிய ஜன்னலில் தகர ஷட்டர் பாதி இறங்கி நிற்கிறது. அதன் அடியில், அசையாமல், தையற்காரியின் இடது கை. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில். நேற்று அவள் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு அதற்குள் மருந்து நீரில் கிடக்கிறது. இதன் முடிவு தெரிந்தால்தான் வைத்தியம் தொடங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று பஸ் மாறி, மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்குகிறது, கழற்ற மறந்திருக்கிறாள். வெயில் பாட்டிலுக்குள் புகுந்து, ஜன்னல் கட்டையில் ஒரு வெளிச்ச வட்டம் போடுகிறது.

“சாம்பிளெல்லாம் ஆஸ்பத்திரி வண்டியிலதாம்மா வரணும்,” என்கிறார் உள்ளே இருக்கும் குமாஸ்தா, முகத்தைப் பார்க்காமல். “மாசத்துக்கு ஒரு தடவ வரும்.”

“போன மாசம் கட்டி சட்டைப் பொத்தான் அளவுதான் சார் இருந்துச்சு. இப்ப கோட்டுப் பொத்தான். வண்டி வர்ற வரைக்கும் இது சும்மா இருக்குமா?”

பின்னால் நிற்கும் நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து இழுக்கிறாள். “வாங்க அண்ணி, நமக்கு எதுக்கு வம்பு?” தையற்காரி திரும்பவில்லை. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொடுகிறது. உள்ளே நாற்காலிகள் நகர்கின்றன, யாரோ டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். குமாஸ்தா எழுந்து வந்து ஷட்டரை இழுக்கிறார். தகரம் கிறீச்சிட்டு இறங்கி, அவள் மணிக்கட்டின் மேல் வந்து நிற்கிறது.

“கைய எடுங்கம்மா. மூடணும்.”

“முதல்ல நீங்க பாட்டில எடுங்க சார். நான் கைய எடுத்துடறேன்.”