கதவு படித்த அறிவிப்பு

என் மனைவி சுகந்தி இறந்த இரண்டாம் மாதம், அவள் அறையிலிருந்த உரிமம் இல்லாத வானொலித் தொடர்புக் கருவியை அலைவரிசைத் துறையினர் எடுத்துப் போனார்கள். சட்டப்படி, பறிமுதல் அறிவிப்பை அந்த வீட்டுக் கதவே முப்பது நாளும் காலையில் உரக்கப் படிக்கவேண்டும். முதல் நாள் கதவு பேசத் தொடங்கியதும் எதிர்வீட்டுப் பரசுராமன் பால் பாக்கெட்டோடு நின்றுவிட்டார்.

"என்ன சார், உங்க கதவு ஏதோ கேஸ் படிக்குது?"

நாற்பது வருடம் நான் தலைநிமிர்ந்து நடந்த தெரு அது. உடனே கதவின் ஒலிக்கம்பியைக் கத்தரித்தேன்.

சுகந்தி அந்தக் கருவியில் பேசியது இலக்கியாவோடுதான். என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு கடல் கடந்து போன மகள். அந்த முப்பது நாளுக்குள் கருவியைத் திரும்பக் கேட்கலாம்; கேட்டால் அதையெல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். நான் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"நேத்தோட கெடு முடிஞ்சுதுங்க ஐயா. கருவியை அழிச்சாச்சு. அறிவிப்பை முழுசாக் கேட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க."

"முழுசாக் கேட்கலை," என்றேன். பொய்யில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

அவர் தயங்கினார். பிறகு வாசலிலேயே நின்று படித்தார். கடைசி வரி எனக்குப் புதிது.

"சுகந்தி மறைவுக்குப் பின் கருவிக்கு வந்து, இதுவரை கேட்கப்படாத குரல்செய்திகள் ஏழு. அனுப்பியவர் இலக்கியா. ஏழும் அப்பாவுக்கு."

எதிர்வாசலில் பரசுராமன் நின்றிருந்தார்.

"இன்னொரு தடவை படிங்கம்மா," என்றேன். "சத்தமாவே படிங்க."