டாக்டர் எழுதினதுதான்

"எழுந்திருங்க. அண்ணன் வீடு மாத்துறார். பீரோவைத் தூக்க உங்களை வரச் சொன்னார்" என்றாள் மனைவி.

கேஷியர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மச்சானின் பீரோவை அவர் ஏற்கெனவே ஒரு முறை தூக்கியிருக்கிறார். அவருடைய இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை.

"எனக்கு உடம்பு சரியில்லை. போன்ல தேடிப் பார்த்துட்டேன். எல்லா அறிகுறியும் அப்படியே இருக்கு."

"போன்ல கண்டவனும் கண்டதை எழுதுவான்."

"இது டாக்டர் எழுதினது! கேளு. சோர்வா இருக்கும். கண்ணு சொக்கும். மூலையில முடங்கத் தோணும். கதகதப்பா படுக்க வச்சு, தொந்தரவு பண்ணாம விடணும்."

அவள் போனைப் பிடுங்கி, திரையைக் கீழே தள்ளிப் படித்தாள்.

"தேறலைன்னா என்ன செய்யணும்னு படிச்சீங்களா?"

"ஊசியா?"

"கழுத்தைத் திருகி, ஆழமா குழி தோண்டிப் புதைச்சிடணுமாம். இல்லேன்னா மத்ததுக்கும் பரவுமாம்."

கேஷியர் துள்ளி எழுந்தார். "எந்த மடையன் எழுதினான்?"

அவள் மேலே தள்ளித் தலைப்பைக் காட்டினாள். "பெரிய டாக்டர்தான். கோழிப்பண்ணை வச்சிருக்கிறவங்களுக்கு எழுதியிருக்கார்."

கொஞ்ச நேரத்தில் பீரோவின் ஒரு முனை கேஷியரின் தோளில் இருந்தது.

"உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேனே மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

"தேறிட்டேன் மச்சான்" என்று முனகினார் கேஷியர்.

"நல்லவேளை தேறினார் அண்ணா" என்றாள் பின்னால் வந்த மனைவி. "நான் மண்வெட்டியை எடுத்து வச்சிட்டேன்."