தலை உயரத்தில் ஒரு கறை

"மறுபடியும் அதே பிசுக்கு! நீ துடைச்சு முழுசா அஞ்சு நிமிஷம் ஆகல."

டார்லிங்டன் கடைவீதியில் உள்ள ஷூ கடையின் மேலாளர் நைஜல், கிரீம் தடவிப் படிய வாரிய தலையை ஆட்டியபடி முகப்புக் கண்ணாடியைக் காட்டினார். தலை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

"சார், அது வந்து..." என்றாள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்த, கடைக் கண்ணாடிகள் துடைக்கும் ப்ரெண்டா.

"பேசாத. ஒரு வாளியும் ஏணியும் இருந்தா அது கம்பெனியா? இனிமே துடைக்க, நாடு முழுக்கக் கிளை வச்சிருக்கிற கம்பெனிக்காரங்க வரப்போறாங்க. துடைச்ச கையோட போட்டோ எடுத்து எங்க தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிடுவாங்க. உன்னால ஆகுமா?"

"ஆகாது சார்," என்று ப்ரெண்டா நடையைக் கட்டினாள்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியின் வேன் வந்தது. சீருடை போட்ட இருவர் நீளக் கழியால் துடைத்தார்கள். எவனையும் நம்பாத நைஜல், வழக்கம்போல் கடைக்குள் நின்று கடைசித் துளி வழியும்வரை வேவு பார்த்தார். பிறகு வெளியே பாய்ந்து வந்தார்.

"கறை அப்படியே இருக்கு!"

பக்கத்து ரொட்டிக் கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ப்ரெண்டா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கென்ன இளிப்பு? டேய், நீங்க கிழிச்ச லட்சணத்த மேலிடமும் பார்க்கட்டும். போட்டோவ அனுப்புங்கடா!"

"அப்பவே அனுப்பியாச்சு சார்," என்று ஒருவன் கைபேசியை நீட்டினான்.

படத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் பளிச்சென்று இருந்தது. உட்புறத்தில், மூக்கு சப்பையாக நசுங்க, கிரீம் வழியும் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டியபடி, நைஜல் முறைத்துக்கொண்டிருந்தார்.