பல்லி சொல்லிடுச்சு

சுவருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு. அதற்குள் இரண்டு பல்லிகள் குடியிருந்தன, அக்காளும் தங்கையும்.

ஒரு நாள் ஓர் ஆள் வந்து, துப்பாக்கி மாதிரி இருந்த ஒன்றை அமுக்கி அமுக்கி, இடுக்கைக் கீழிருந்து வெள்ளைப் பசையால் அடைக்கத் தொடங்கினான்.

தங்கை வெளியே குதித்துவிட்டது. “அக்கா, வந்துடு! வழியை அடைக்கிறான்!”

“போடி, பயந்தாங்கொள்ளி. குளிர்காத்துல நாம நடுங்குறதைப் பார்த்து, பாவம், கதவு போட்டுத் தர்றான். திறக்காத கதவை எவனாவது போடுவானா?”

அவன் ஈர விரலால் பசையை ஒரே இழுப்பாக நீவினான். கோடு வெண்ணெய்போல் வழவழவென்று அமைந்தது.

சாயங்காலம் அது ரப்பராக இறுகிவிட்டது. தங்கை நகம் தேயப் பிறாண்டியும் ஒரு துணுக்குகூடப் பெயரவில்லை.

“மூச்சு முட்டுதுடி,” என்றது உள்ளேயிருந்து அக்காள். “யாரையாவது திறக்கச் சொல்லுடி.”

“வீட்டுக்காரங்க இங்கதான் நிக்கிறாங்க. நீயே சத்தம் போடுக்கா, காது கேக்கும்.”

வீட்டுக்காரி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தபடி கணவனிடம் சொன்னாள். “எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா? இனிமே நம்ம வீட்டுக்கு ஒரு குறையும் வராதுங்க.”

உள்ளேயிருந்து அக்காள் உயிரைக் கொடுத்துக் கத்தியது.

“பல்லியே சொல்லிடுச்சு!” வீட்டுக்காரி பூரித்துப்போய், விரலை மடக்கிச் சட்டத்தில் மூன்று தடவை தட்டினாள்.

“தட்டுறாங்கடி! கேட்டுடுச்சு! திறக்கப்போறாங்க!” அக்காள் இன்னும் பலமாகக் கத்தியது.



வீட்டுக்காரி மறுபடியும் தட்டினாள்.