திரும்பும் கோடு

வாத்து வேட்டைக்குத் திட்டமிடுகையில், திரும்பி வரும் நேரத்தை அந்தக் கழிமுகத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; சொன்னால் வேட்டைக்கு ஆகாது என்பது நம்பிக்கை. கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் முதுகில் சவரியாயி கரித்துண்டால் வரைந்துகொண்டிருந்தார்: வாய்க்கால், அதற்கு அப்பால் சேற்றுத்திட்டு, திட்டின் தென்மூலையில் வரித்தலை வாத்துகள் விடியலில் இறங்கும் இடம்.

“துப்பாக்கிக்காரங்க நாலு பேரும் திட்டுல படுத்துக்கணும். பிலோமி, நீ எங்கள எறக்கிவிட்டுட்டு வள்ளத்த நாணலுக்குள்ள மறைச்சிரு.”

வள்ளம் ஓட்டும் பிலோமி தலையசைக்கவில்லை. சென்ற பருவத்தில் அதே திட்டில் வேட்டைக்காரர்கள் நேரம் மறந்து படுத்திருந்தபோது, ஏறிவந்த கடல் ஓதம் வாய்க்காலை மூடி அவளுடைய தம்பியைக் கொண்டுபோயிருந்தது.

“என்ன தாயி, வாத்தப் பாத்துப் பயமா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“வாத்து பறந்துரும் மாமா. ஒங்களுக்குத்தான் றெக்க கெடயாது.”

அவள் சவரியாயியின் விரல்களிலிருந்து கரித்துண்டை வாங்கினாள். திட்டிலிருந்து கரைவரை ஒரு கோட்டை அவசரமில்லாமல், அழுத்தி இழுத்தாள். அதுவரை எந்த வள்ளத்தின் முதுகிலும் எவரும் வரைந்திராத கோடு அது. சிரிப்பு நின்றது.

“ஏழரைக்கு ஓதம் ஏறும்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “ஏழு மணிக்கு நாம திரும்புறோம்.”