மைனஸ் ஒன்று

நெய்வேலி குவார்ட்டர்ஸின் ஜன்னல் வழியே மத்தியான வெயில் கணினித் திரையில் விழுகிறது. போன மாதம் இறந்துபோன கணவர் நெடுமாறன் எழுதிய, ‘இன்டக்ரேஷன்’ எனும் தொகையீட்டுக் கணக்கைப் போடும் கணினி நிரலை, மாணவர்களுக்குக் கொடுக்குமுன் எழில்மதி சோதித்துப் பார்க்கிறாள். பக்கத்தில் அவருடைய நண்பர் ஆனந்த்ராஜ். x-இன் எந்த அடுக்கைக் கொடுத்தாலும் நிரல் அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையாலேயே வகுத்து விடை சொல்கிறது. மைனஸ் ஒன்றுக்கு மட்டும் அந்த வழி செல்லாது, ‘லாக்’ எனும் மடக்கை வர வேண்டும். அதை மறந்ததற்காக அவளைப் பல வருடம் கேலி செய்தவர் நெடுமாறன். அவள் மைனஸ் ஒன்றை அடிக்கிறாள். பின்னத்தின் அடியில் பூஜ்ஜியம் வந்து நிற்கிறது. “அண்ணி, அண்ணனே இத வுட்டுட்டாரே!” என்கிறார் ஆனந்த்ராஜ். அவளுக்குச் சிரிப்பு பொங்குகிறது. நாற்காலியோடு திரும்பி உள்ளறையைப் பார்த்துக் கூப்பிடுகிறாள்: “என்னங்க, ஓடியாங்க! இன்னிக்கு நல்லா மாட்டிக்கினீங்க!” மௌஸ் மேலிருந்த ஆனந்த்ராஜின் கை அப்படியே நிற்கிறது. அவள் சிரித்த வாயை மூட மறந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.