வெளியே வராத அட்டை

"யோவ் ரெஃப்ரி! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறியே, உனக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?"

கத்தியவன் புல்டோசர். லாரி ஷெட் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன். நாற்பத்தைந்து வயது, வாசலை அடைத்து நிற்கிற உடம்பு. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று மைதானத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கிற துணிச்சலும் யாருக்கும் இல்லை.

ரெஃப்ரி காதில் விழாத மாதிரி நடந்தார். வார நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில். அந்த விசிலை மாட்டிக்கொண்டால் தன்னை ஒரு ராஜா என்றே நினைத்துக்கொள்வார். போன மாதத்தோடு அந்த நினைப்பு ஒழிந்தது.

போன மாதம் இதே மைதானத்தில் இன்னொரு ரெஃப்ரி ஒரு ஆட்டக்காரனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். ஆட்டம் முடிந்து வண்டி எடுக்கப் போன இடத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தாடை எலும்பு உடைந்து, இன்றைக்கும் அவர் சாப்பாட்டை உறிஞ்சித்தான் குடிக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே இவருடைய மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "என்னங்க, விசில் ஊதுறதோட நிறுத்திக்கோங்க. யாரு என்ன சொன்னாலும் அந்தச் சிவப்பு அட்டையை மட்டும் எடுக்கவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணிவிட்டார்.

இந்தப் போட்டித் தொடரின் சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ரெஃப்ரியை வாய்க்கு வந்தபடி திட்டினால் நேராகச் சிவப்பு அட்டை. அதை வாங்கியவன் அந்த சீசன் முழுக்க மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. ஆனால் சட்டம் புத்தகத்தில் அல்லவா இருக்கிறது? தாடை இவருடையது!

பத்தாவது நிமிஷம் எதிரணிக்கு ஒரு கார்னர் கொடுத்தார். புல்டோசர் மூச்சிரைக்க எதிரே வந்து நின்றான்.

"உன்னையெல்லாம் யாருய்யா உள்ள விட்டது, முட்டாளே!"

"விளையாடுங்கண்ணே, விளையாடுங்க."

இடைவேளைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். பந்து அந்தக் கோடியில் இருக்கும். இவன் பந்தை விட்டுவிட்டு ரெஃப்ரியைத் தேடிக்கொண்டு வருவான். ஒரு தடவை தண்ணீர் பாட்டிலை அவர் காலடியில் ஓங்கி எறிந்தான்.

"திருட்டுப் பயலே! அவனுங்க என்ன உன் மச்சானுங்களா?"

ரெஃப்ரியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அட்டையின் முனை விரலில் பட்டது. புல்டோசர் அந்தக் கையையே கண் கொட்டாமல் பார்த்தான். அட்டையை விட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். லாரி ஷெட் ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். புல்டோசர் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், உடை மாற்றும் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மனைவியிடமிருந்து போன் வந்தது.

"முடிஞ்சுதா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, தாகம். பத்து நிமிஷத்துல கிளம்பிடுவேன்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசியில் இவருடைய ஸ்கூட்டர் ஒன்றுதான் மிச்சம். அதன் மேல் புல்டோசர் உட்கார்ந்திருந்தான்! அறைக்குப் பின்வாசலும் கிடையாது.

கதவு தட்டப்பட்டது. வாட்ச்மேன். "சார், பூட்டணும்."

"கொஞ்சம் என்கூட வண்டி வரைக்கும் வர்றீங்களா?"

வாட்ச்மேன் ஸ்கூட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க சார்," என்றார்.

வேறு வழியில்லை. போனார்.

"அண்ணே... என் வண்டி..."

புல்டோசர் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு உன்னை எத்தனை தடவை திட்டினேன்?"

"அதெல்லாம்... ஆட்டத்துல சகஜம்ண்ணே."

"கேக்குறேன்ல? எத்தனை தடவை?"

"நான் எண்ணவே இல்லைண்ணே. ரிப்போர்ட்ல உங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை. சத்தியமா!"

"எழுதலையா?"

புல்டோசர் விருட்டென்று எழுந்தான். சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவ்வளவுதான், ஒழிந்தோம் என்று ரெஃப்ரி கண்களை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டார். தாடையில் விழப்போகிற அடிக்காகக் காத்திருந்தார்.

அடி விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தார். சட்டையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்திருந்தது.

"இன்னும் எப்படித்தான் சார் திட்டணும் உங்களை?" புல்டோசரின் குரல் உடைந்தது. "டாக்டர் பத்தடிகூட ஓடக் கூடாதுன்னுட்டார். கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னா எங்க பசங்க வலி ஸ்ப்ரே அடிச்சு உள்ள தள்ளுறானுங்க, நெஞ்சு வலின்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு... அடுத்த ஞாயித்துக்கிழமையாவது அந்தச் சிவப்பு அட்டையைக் காட்டி என்னை வெளிய அனுப்பிடுங்க சார், செத்துடுவேனோன்னு பயமா இருக்கு!"